முப்பது டிகிரியில் ஒரு துரோகம்

"கையை நீட்டுடா."

கோ அக்கா இப்படிச் சொன்னால் நான் லேசில் நீட்டுவதில்லை. போன தடவை நீட்டியபோது உயிருள்ள நண்டு. அதற்கு முந்தின தடவை கைவிலங்கு. மாட்டிவிட்டு சாவியை எங்கே வைத்தோம் என்பதை அவரே மறந்து போனார். துப்பறியும் நிபுணரின் உதவியாளன் என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறதே தவிர, பாதி நாள் நான்தான் சோதனை எலி.

"நண்டு இல்லடா. நீட்டு."

நீட்டினேன். உள்ளங்கையில் வெள்ளி நிறத்தில் ஒரு கட்டி விழுந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஆனால் நல்ல கனம். ஜில்லென்று இருந்தது.

"மூடிக்கோ. மூடிக்கிட்டே இவங்க சொல்றதக் கேளு."

தெற்குத் தைவானில், தைனான் நகரத்துக்கு வெளியே, மீன் குட்டைகளையெல்லாம் தாண்டி, ஒரு சின்ன ஆலை. பழைய விளக்குப் பலகைகளை உடைத்து, அதிலிருந்து காலியம் என்ற உலோகத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்த ஆலையின் சேமிப்பறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தோம். பேய் மாசத்து வெயில் மண்டையைப் பிளந்தது. முற்றத்தில் பேய்களுக்குப் படையல் வைக்கப் போட்ட மேசைகள் அப்படியே கிடந்தன. திங்கட்கிழமை நடக்க வேண்டிய படையல், திருட்டுக் கலவரத்தில் நடக்காமலே போய்விட்டது.

திருட்டு என்று நான்தான் சொல்கிறேன். முதலாளி துங் அதை விபத்து என்றார்.

"இதுல துப்பறிய என்னங்க இருக்கு?" துங் எரிச்சலோடு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அமெரிக்காவில் படித்தவர். நாங்கள் வந்ததிலிருந்து அதை மூன்று முறை சொல்லிவிட்டார். "சனிக்கிழமை கடைசியா பூட்டிட்டுப் போனது இந்த ஷியே. குளிர் காத்து கழுத்துல படுதுன்னு தன்னோட ஸ்வெட்டர ஏசி வாயில மாட்டிட்டுப் போயிட்டான். ரூம் சூடாகி, பாட்டில்ல இருந்த காலியம் உருகிடுச்சு. கசிஞ்சு அலமாரிக் கால அரிச்சு, அலமாரி சாஞ்சு, சரக்கு பூரா சாக்கடைக்குள்ள போயிடுச்சு. அப்புறம் ஸ்வெட்டர் நழுவி, ரூம் மறுபடி குளுந்துடுச்சு. மத்தியானம் இன்ஷூரன்ஸ் ஆள் வருவாரு. இவனத்தான் கை காட்டப் போறேன். அதுக்கப்புறம் போலீஸ் பாத்துக்கும்."

"நான் மாட்டல சார்," என்றார் ஷியே.

ஷியேதான் சேமிப்பறைப் பொறுப்பாளர். ஐம்பதை நெருங்கும் மெலிந்த மனிதர். குரல் அவருக்கே கேட்டிருக்காது. இன்று மத்தியானத்துக்குள் அவர் மேல் தப்பில்லை என்று நிரூபிக்காவிட்டால் வேலை போகும், வழக்கு வரும். இந்த வட்டாரத்தில் எந்த ஆலையும் அவரை வாசற்படி ஏற்றாது.

"மாட்டலன்னா அது கால் முளைச்சு ஏறிச்சா?"

"சார், கொஞ்சம் பொறுங்க." இடையில் புகுந்து ஷியேயின் தோளில் கை போட்டவர் சுவாங். ஆலையின் ஏசி, குளிர்பெட்டி எல்லாம் அவர் பொறுப்பு. எங்களைத் தேடி வந்து, கெஞ்சி, தன் வேனிலேயே கூட்டி வந்தவரும் அவர்தான். ஷியேவும் அவரும் பட்டாளத்தில் ஒரே அடுக்குக் கட்டிலில் மேலும் கீழும் படுத்தவர்களாம். "மெஷினும் கிழடு சார். தானா நிக்கும், தானா ஓடும். என் நண்பன் மேல மட்டும் பழியப் போடாதீங்க."

எனக்கு சுவாங்கைப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. வரும் வழியில் பால்மீன் கஞ்சி வாங்கித் தருவதாகச் சொன்னார். நேரமில்லை என்று அக்கா கெடுத்துவிட்டார். அதற்குப் பரிகாரமாக இப்போது காகிதக் கோப்பையில் ஜில்லென்று பூசணித் தேநீர் நீட்டினார். இப்படி ஒரு நண்பன் எனக்கு இல்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

வாங்குவதற்காகக் கையைத் திறந்தேன்.

"அய்யோ அக்கா!"

கட்டியைக் காணோம். அது இருந்த இடத்தில் வெள்ளிக் குட்டை ஒன்று தளும்பிக்கொண்டிருந்தது.

"பாதரசம்! விஷம்! அக்கா, நான் இன்னும் கல்யாணம்கூட பண்ணிக்கல!"

"கத்தாதடா. அது பாதரசம் இல்ல, காலியம். விஷமெல்லாம் கிடையாது. இந்தக் கிண்ணத்துல ஊத்து."

ஊற்றினேன். உள்ளங்கை முழுவதும் பென்சில் கரியைத் தேய்த்ததுபோல் சாம்பல் நிறம். கால்சட்டையில் துடைத்தேன். கையில் இருந்தது போகாமல் கால்சட்டையும் கெட்டது.

"பள்ளிக்கூடத்துல ரெண்டே ரெண்டு தனிமம்தான் திரவம்னு சொன்னாங்களே," என்றேன். "பாதரசம் ஒண்ணு, புரோமின் ஒண்ணு. நம்ம சீன எழுத்துல அதுங்க பேர எழுதினா, எழுத்துலயே தண்ணி அடையாளம் இருக்கும். மத்ததுக்கெல்லாம் உலோகம், கல்லு, காத்துன்னு அதது குணம் பேர்லயே ஒட்டியிருக்கும். காலியத்துக்கு உலோக அடையாளம்தானக்கா? உலோகம்னா கெட்டியாத்தான இருக்கணும்?"

"பேர் வச்சவங்க ஜில்லுன்னு ஒரு ரூம்ல உக்காந்து வச்சிருப்பாங்க. தைனான் வெயில்ல நின்னு வச்சிருந்தா யோசிச்சிருப்பாங்க. முப்பது டிகிரிய தொட்டா இது தண்ணி. கீழ இறங்கினா கல்லு. உன் கை சூடே போதும்."

"அப்ப என் கைக்கும் ஒரு சக்தி இருக்குன்னு சொல்லுங்க."

"சூடு இருக்கு. மூளை இருக்கான்னு உள்ள போய் பாப்போம். கதவத் திறங்க."

உள்ளே குளிர் குபீரென்று முகத்தில் அறைந்தது. இன்ஷூரன்ஸ் ஆள் வரும்வரை எதையும் தொடக்கூடாது என்று திங்கட்கிழமையே பூட்டி வைத்திருந்தார்கள். ஏசி மட்டும் இருபது டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது.

அலுமினிய அலமாரி ஒன்று முகம் குப்புறச் சாய்ந்து கிடந்தது. காலியம் பட்டால் அலுமினியம் பிஸ்கட்டாகப் பொடிந்துவிடுமாம். அது தெரிந்தும் அலுமினிய அலமாரி வாங்கியது யார் என்று அக்கா கேட்டதற்கு, தள்ளுபடியில் வந்தது என்று துங் முணுமுணுத்தார். வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில்கள் தரையெங்கும் உருண்டு கிடந்தன. பெரும்பாலானவை காலி. சிலவற்றில் மட்டும் கொஞ்சம் சரக்கு மிச்சமிருந்தது. தரை நடுவே சாக்கடைத் துளை. அதைச் சுற்றி உறைந்துபோன வெள்ளித் திட்டுகள்.

சுவரோரம் ஆள் உயரத்துக்கு ஏசி மெஷின். அதன் காற்று வாயில் பழுப்பு நிற ஸ்வெட்டர் ஒன்று ஒரு கையில் மட்டும் மாட்டிக்கொண்டு தொங்கியது. மெஷின் தலைமேல் பச்சை நிறத்தில் ஒரு பொரிப் பொட்டலம், தேங்காய் ருசி.

காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. கை தானாக அதை நோக்கிப் போனது.

பளார் என்று ஒரு அடி.

"டேய், அதத் தொடாத!" சுவாங் பதறிவிட்டார். "மெஷின் கோச்சுக்கும்!"

தப்பு என்னுடையதுதான். எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மெஷின் மக்கர் பண்ணாமல் ஓட வேண்டுமென்றால் தலையில் பச்சைப் பொட்டலம் உட்கார்ந்திருக்க வேண்டும். மஞ்சள் ஆகாது, சிவப்பு ஆகாது. தேதி தாண்டக் கூடாது. யாரும் பிரித்துத் தின்னக் கூடாது. என் பாங்கில் பணம் கொடுக்கும் மெஷினுக்குக்கூட ஒன்று வைத்திருக்கிறார்கள்.

"சனிக்கிழமை சாயங்காலம்தான் புதுசு வச்சேன்," சுவாங் பொட்டலத்தை நிமிர்ந்து பார்த்துப் பெருமையாகச் சொன்னார். "அதுக்கப்புறம் ஒருத்தர் கை அதுல படல. பட விடவும் மாட்டேன்."

"சோளப் பொரி மெஷின ஓட்டுது," துங் மூக்கால் சிரித்தார். "இதையெல்லாம் வெளிநாட்டுல சொன்னா காறித் துப்புவான்."

"இந்த ஷியே ஒரு தடவ பசி தாங்காம பிரிச்சுத் தின்னுட்டான் சார். அன்னைக்கே மூணு மெஷின் படுத்துச்சு. இன்னைக்கு வரைக்கும் கேன்டீன்ல அதச் சொல்லிச் சிரிக்கறாங்க."

ஷியேயின் முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்து போனது. நண்பர்கள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்கா இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே தரையில் குந்தி ஒவ்வொரு பாட்டிலாகக் குனிந்து பார்த்தார். பிறகு எழுந்து ஸ்வெட்டரின் அருகே போய் அதையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஷியே சார், சனிக்கிழமை உங்க ஸ்வெட்டர் எங்க இருந்துச்சு?"

ஷியே சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"கேக்கறேன்ல. நீங்க மாட்டலன்னா அது எங்கயோ இருந்திருக்கணும். எங்க?"

"ஞாபகம் இல்லம்மா," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

பொய். இருபது வருஷம் அக்காவோடு சுற்றியிருக்கிறேன், பொய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? மனிதர் எதையோ மறைக்கிறார்.

"பாத்தீங்களா!" துங் துள்ளினார்.

"பயத்துல இருக்கான் சார், விடுங்க," என்றார் சுவாங்.

அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. "ஆ-லியாங், சாக்கடைத் துளைக்குள்ள கைய விடு."

"அக்கா, என் கைக்கு இன்னைக்கு நேரமே சரியில்ல."

"விடுடா. உள்ள குழாய் ஒரு வளைவு வளைஞ்சு மேல ஏறும். அந்த வளைவுல என்ன இருக்குன்னு பாரு."

முழங்கை வரைக்கும் விட்டேன். என்னவெல்லாமோ தட்டுப்பட்டது, எல்லாவற்றையும் எழுதினால் நீங்கள் இரவு சாப்பிட மாட்டீர்கள். கடைசியில் ஒரு வெள்ளிக் கட்டி கிடைத்தது. புளியங்கொட்டை அளவு.

"அவ்ளோதானா?"

"வேற ஒரு சீப்பு இருக்கு. வேணுமா?"

அக்கா துங்கின் பக்கம் திரும்பினார். "உங்க சரக்கு தண்ணிய விட ஆறு மடங்கு கனம் சார். மொத்தமும் இதுக்குள்ள போயிருந்தா, வளைவத் தாண்டி ஏறிப் போகாது. அங்கயே தங்கி குழாயையே அடைச்சிருக்கும். அங்க இருந்தது இந்தப் புளியங்கொட்டை மட்டும்தான்."

துங் குனிந்து துளைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அடுத்தது. டேய், இந்தப் பாட்டில் எப்படிக் கிடக்கு?"

"படுத்துக் கிடக்கு."

"உள்ள இருக்கற உலோகம்?"

குனிந்து பார்த்தேன். வெளிச்சத்தில் பாட்டிலின் உள்ளே நிழலாகத் தெரிந்தது. உலோகம் பாட்டிலின் அடிப்பாகத்தில் மட்டும், மட்டமாக வெட்டி வைத்தாற்போல் உறைந்திருந்தது. பக்கவாட்டில் ஒரு சொட்டுகூடப் பரவவில்லை.

"பாட்டில் படுத்திருக்கு. சரக்கு நிக்குது," என்றேன்.

"அதேதான். கவுந்தப்போ உள்ள இருந்தது தண்ணியா இருந்திருந்தா, பாட்டிலோட சேர்ந்து அதுவும் படுத்துருக்கும். சரக்கு மிச்சமிருக்கற எல்லா பாட்டில்லயும் நிக்குது. அப்ப அலமாரி விழுந்த நேரத்துல சரக்கு கல்லு. ரூம் ஜில்லுன்னு இருந்திருக்கு."

"அப்ப உருகவே இல்லையா?"

"உருகிச்சு. தரையில சொட்டு கிடக்கே. பாட்டில் வாய் குறுகலு, கட்டியா இருந்தா வெளிய எடுக்க முடியாது. அதனால ஏசிய நிறுத்தி உருக விட்டிருக்காங்க. நிதானமா ஊத்தி எடுத்துக்கிட்டாங்க. அலமாரிக் கால்ல கொஞ்சம் தடவினாங்க. அப்புறம் ஏசியப் போட்டு, மிச்சம் மீதிய உறைய விட்டு, கடைசியா அலமாரியத் தள்ளி விட்டாங்க. இது விபத்து இல்ல சார். திருட்டு."

சபாஷ் என்று கை தட்டப் போனேன். அதற்குள் துங் ஷியேயின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"திருட்டுப் பயலே! கவனக்குறைவுன்னுல்ல நினைச்சேன்! சாவி உன்கிட்ட, ஸ்வெட்டர் உன்னுது! இப்பவே கூப்பிடறேன் போலீஸ!"

சுவாங் குறுக்கே பாய்ந்து துங்கின் கையை விலக்கினார்.

"அவன் அப்படிப்பட்டவன் இல்ல சார்! நான் சத்தியம் பண்றேன்!"

நான் அக்காவின் காதருகே போனேன். "அக்கா, குழியிலேர்ந்து தூக்கி விட வந்தோம். இன்னும் ரெண்டு அடி ஆழமாத் தோண்டிட்டோமே."

"நீ டீயக் குடி."

குடித்தேன். கோப்பையை இறக்கியதும் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைக் காகிதக் கோப்பையில் என் கட்டைவிரல் சாம்பல் நிறத்தில் அழுத்தமாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்தார். பிறகு மெஷின் தலையில் உட்கார்ந்திருந்த பச்சைப் பொட்டலத்தைப் பார்த்தார்.

"சுவாங் சார், அத இறக்குங்களேன். உங்க கை படலாம்ல?"

"அது எதுக்குங்க?"

"இறக்குங்க."

இறக்கினார். அக்கா அதை வாங்காமல், திருப்பிக் காட்டச் சொன்னார். பின்பக்கம், பச்சை மேல் சாம்பல் நிறத்தில் ஒரு முழுக் கட்டைவிரல் ரேகை. என் கோப்பையில் இருந்த அதே சாம்பல் கறை.

"இவன் தொடல," என்னைக் காட்டிச் சொன்னார் அக்கா. "தொடறதுக்குள்ள நீங்க அடிச்சிட்டீங்க. சனிக்கிழமை சாயங்காலம் புதுசு வச்சது நீங்க. அப்போ இங்க இருபது டிகிரி, சரக்கெல்லாம் கல்லு. கல்லு கையில ஒட்டாது. ஆக, அதுக்கப்புறம், சரக்கு தண்ணியா இருந்தப்போ, அதுல கைய வச்ச ஒருத்தர் இந்தப் பொட்டலத்த எடுத்திருக்காரு."

"திருடன் எடுத்திருப்பான்," என்றார் துங்.

"எதுக்கு சார்? நீங்க திருட வந்தா இதத் தொடுவீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா?"

"ஷியே சார் வந்திருந்தா?"

"தின்னிருப்பாரு," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சொல்லி முடித்த பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அக்கா எங்கே போகிறார் என்று அப்போதுதான் எனக்கும் புரிந்தது.

"ஏசிய நிறுத்தறதுக்கு முன்னாடி இத இறக்கி ஓரமா வச்சிருக்காரு," அக்கா குரலை உயர்த்தாமல் பேசினார். "மெஷினப் பாத்துக்கோன்னு இதக் கும்பிட்டு வச்சவரு. இது பாத்துக்கிட்டு இருக்கறப்பவே மெஷின நிறுத்த அவருக்கு மனசு வரல. வேலை முடிஞ்சு ஏசியப் போட்டதும், கை கழுவக்கூடத் தோணாம, முதல் காரியமா இத மறுபடி தலையில ஏத்திட்டாரு. ஏசி பாக்கறதுக்குன்னு இந்த ரூம் சாவி அவர்கிட்டயும் ஒண்ணு இருக்கு. சனிக்கிழமை ஷியே சார் பூட்டிட்டுப் போனதும் வந்து நிறுத்தினாரு. ஞாயித்துக்கிழமை படையல் மேசை போடற சாக்குல வந்தாரு. வருஷா வருஷம் அவர்தான் போடுவாராம், வரும்போது வேன்ல அவரே சொன்னாரு, அதனால யாரும் ஏன்னு கேக்கல. ஏசியிலேர்ந்து சொட்டற தண்ணிய தினமும் கேன்ல புடிச்சு வெளிய கொண்டு போறதும் அவர்தானாம். அந்த கேன்ல என்ன இருக்குன்னு எவன் பாப்பான்? கேன் எங்க சுவாங் சார்?"

சுவாங் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"வேன்ல," என்றார்.

காலையில் நான் உட்கார்ந்து வந்த வேன். சீட்டுக்குப் பின்னால் கேன்கள் இருந்தன. ஒன்றின் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, சுவாங் சொன்ன பட்டாளத்து ஜோக்குக்கு வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

"டேய்," ஷியே அவரைப் பார்த்தார். "சும்மாதான சொல்ற?"

சுவாங் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"விலை ஏறிக்கிட்டே போச்சுடா. கையில புடிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா யாருக்குத்தான் ஆச வராது? தனியா ஒரு ரிப்பேர் கடை போடலாம்னு... உன்னையும் கூட்டாளியா சேத்துக்கலாம்னுதான் இருந்தேன், சத்தியமா. உன் தலையில விழும்னு நான் நினைக்கவே இல்லடா. கிழட்டு மெஷின், தானா நின்னுடுச்சுன்னு முடிச்சிருவாங்கன்னு நினைச்சேன். இந்த ஆளு உன்னப் புடிப்பாருன்னு நான் கண்டேனா?"

அழுதார். எனக்கே கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது. ஆசைப்பட்டுவிட்டான், நண்பனை மாட்டிவிட நினைக்கவில்லை என்று மனசு சமாதானம் தேடியது. ஷியே அவரைத் தூக்கி நிறுத்துவார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

ஷியே நடந்து போய் ஸ்வெட்டரை மெஷினிலிருந்து எடுத்தார். இடது கையின் முழங்கையைத் திருப்பினார். அங்கே புது நூலில் நெருக்கமாக, அழகாகத் தைத்திருந்தது.

"வெள்ளிக்கிழமை இங்க கிழிஞ்சிருந்துச்சு," என்றார். "யா-சுன் நல்லா தைப்பா, குடுன்னு நீதான வாங்கிட்டுப் போன. உன் பொண்டாட்டி தச்சிருக்கா. உன் வீட்டுலேர்ந்துதான்டா இது வந்திருக்கு."

சுவாங்கின் அழுகை சட்டென்று நின்றது.

"மெஷின் கோளாறுன்னா முதல் கேள்வி உங்ககிட்டதான் வரும்," என்றார் அக்கா. "அதான் பழிய இவர் மேல திருப்ப இந்த ஸ்வெட்டர் தேவைப்பட்டுச்சு. ஷியே சார், புது நூல நானும் பாத்தேன். தச்சது யாருன்னு நீங்க வாயத் திறந்து சொல்லணும்னு காத்திருந்தேன். இது அவர் வீட்ல இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"திங்கட்கிழமையே தெரியும்மா. கதவத் திறந்து இதப் பாத்ததுமே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா இவன சந்தேகப்படுவாங்களேன்னுதான்." ஷியே ஸ்வெட்டரை மடிக்கத் தொடங்கினார். மடிப்பு சரியாக வரவில்லை. "ஏதாவது காரணம் இருக்கும், இவனே சொல்லுவான்னு இருந்தேன். மூணு நாளா பக்கத்துலயே நிக்கறான், தோள்ல கை போட்டுக்கிட்டு. இப்பச் சொல்லுவான், இப்பச் சொல்லுவான்னு பாத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பயப்படாதன்னு சொல்லி, எனக்கு சோறு போட்டுக் குடுத்தான்மா."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏன்யா, அவர மாட்டி விட்டாச்சுல்ல? அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எங்களத் தேடி வந்து கெஞ்சின?"

"யா-சுன்," சுவாங் தலையைத் தூக்கவில்லை. "ஷியே அண்ணனுக்கு ஏதாவது பண்ணு, நல்ல ஆளாப் பாத்துக் கூட்டிட்டு வான்னு ஒரே பிடிவாதம். மாட்டேன்னு சொல்ல முடியல. நீங்களும் ஒண்ணும் கண்டுபிடிக்க மாட்டீங்கன்னு..."

துங் தொண்டையைச் செருமினார். ஷியேயின் கசங்கிய சட்டைக் காலரை நீவிவிடுவதுபோல் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார். "ஷியே, என்ன மன்னிச்சுக்கோ. நாளைக்கே வேலைக்கு வந்துடு. எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன்." ஷியே அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. துங் போலீஸுக்கு போன் பண்ண வெளியே போனார்.

"டேய்," சுவாங் மண்டியிட்டபடியே அருகில் வந்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். யா-சுன்கிட்ட நீ சொல்லிடு. நீ சொன்னா தாங்கிப்பா. என்னால முடியாதுடா."

ஷியே ஸ்வெட்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து நம்பரைத் தட்டினார். சத்தத்தை வெளியே கேட்கும்படி வைத்து, போனை சுவாங்கின் கையில் திணித்தார்.

"ரிங் போகுது. நீயே சொல்லு."

சுவாங் போனைப் பாம்பைப் பிடித்தவர்போல் பிடித்திருந்தார். இரண்டாவது மணியிலேயே யா-சுன் எடுத்துவிட்டாள்.

"அண்ணே!" மூச்சு வாங்கியது அந்தக் குரலுக்கு. எங்கிருந்தோ ஓடி வந்திருக்கிறாள். "போன கையிலயே வச்சுக்கிட்டு இருந்தேண்ணே. உங்க மேல தப்பில்லன்னு ஆயிடுச்சா? எவன்னு தெரிஞ்சுதா?"

சுவாங் போனை ஷியேயிடம் நீட்டினார். ஷியே வாங்கவில்லை.

"அண்ணே, கேக்குதா? சொல்லுங்கண்ணே. உங்களுக்குப் போய் இப்படிப் பண்ணின அந்தப் பாவி யாருண்ணே?"